ஓக் மரத்தடியை விட்டு விலகாத பச்சை அந்துப்பூச்சி

கேள்வி: இலையுதிர்காலத்தில் மட்டும் பறக்கும் அந்துப்பூச்சி எதையேனும் நேரில் பார்த்திருக்கிறீர்களா? அதன் தோற்றம், வாழிடம், வாழ்க்கைச் சுழற்சி பற்றிச் சொல்ல முடியுமா? குளிரில் அதனால் எப்படிப் பறக்க முடிகிறது?

பார்த்திருக்கிறேன். தென் இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் பகுதியில் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் முடியும் வரை பறக்கும் ஓர் அந்துப்பூச்சியைப் பற்றி எழுதுகிறேன். ஆங்கிலேயர்களே இதைப் பிரெஞ்சுப் பெயரில் ‘மெர்வெய் து ஷூர்’ என்று அழைக்கிறார்கள். ‘அன்றைய நாளின் அற்புதம்’ என்று பொருள் கொள்ளலாம். அறிவியல் பெயர் கிரிபோசியா ஏப்ரிலினா. 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட பூச்சிகளில் இதுவும் ஒன்று. பெயரில் ஏப்ரல் இருக்கிறதே என்று அந்த மாதத்தில் தேடிப் போனால் இறக்கையுள்ள பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாது. வசந்தத் தளிரின் நிறத்தை மனத்தில் வைத்துத்தான் அவர் இப்பெயரைத் தேர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அந்த நிறத்தைத் தமிழில் சொல்வதென்றால், அரைத்த புதினாவைத் தயிரில் கலந்தால் வருமே, அந்த வெளிறிய பச்சை. விரித்த இறக்கைகளின் அகலம் 42 முதல் 52 மில்லிமீட்டர் வரை இருக்கும். முன்னிறக்கைகளின் பச்சைப் பரப்பில் கறுப்புக் கோடுகளும் திட்டுகளும் வளைந்து வளைந்து செல்கின்றன. அவற்றை ஒட்டி வெள்ளை விளிம்பு ஓடுவதால், யாரோ கறுப்பு மையால் வரைந்துவிட்டு ஓரங்களில் சுண்ணாம்பு தீற்றியதைப் போன்ற தோற்றம் கிடைக்கிறது. மார்பின் மேல் அடர்ந்திருக்கும் செதில்களிலும் இதே பச்சையும் கறுப்பும் தொடர்கின்றன. பின்னிறக்கைகள் சாம்பல் நிறமானவை. அமர்ந்திருக்கும்போது முன்னிறக்கைகள் கூரைபோல் மூடிக்கொள்வதால் அவை வெளியே தெரிவதில்லை.

இலைகள் பழுத்து உதிரும் பருவத்தில் இப்படிப் பச்சையாக இருப்பது ஆபத்தில்லையா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இந்தப் பூச்சி ஒளிந்துகொள்வது இலைகளுக்கு நடுவில் அன்று. அடிமரத்தின் பட்டையில் படர்ந்திருக்கும் லைக்கன்களின் மேல். லைக்கன் என்றவுடன் ஏதோ அந்நியப் பொருள் என்று எண்ண வேண்டாம். செட்டிநாட்டுச் சமையலில் தாளிக்கப் போடுகிறோமே கல்பாசி, அதுவும் லைக்கன்தான். அதன் உறவுகள் இங்குள்ள ஓக் மரங்களில் சாம்பல் பச்சைத் தகடுகளாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் அந்த உயிர்கள் பருவம் பார்த்து உதிர்வதில்லை. எனவே அக்டோபரிலும் இந்த நிறம் மரத்தோடு பொருந்தியே நிற்கிறது.

அது எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஒருமுறை சற்று அவமானத்தோடு கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் தோட்டத்தில் இரவு முழுவதும் விளக்குப் பொறி வைத்து, விடிந்ததும் பூச்சிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு விட்டுவிடுவார். பொறிக்குள் பூச்சிகள் ஒண்டிக்கொள்வதற்காக முட்டை அடுக்கும் அட்டைகளைப் போட்டிருப்பார். ஓர் அக்டோபர் காலையில் அந்தச் சாம்பல் அட்டையின் குழியொன்றில் இது உட்கார்ந்திருந்தபோது, நான்கடி தள்ளி நின்ற எனக்கே பளிச்சென்று தெரிந்தது. அவர் அதை விரலில் ஏற்றி, வேலியோரத்து ஓக் மரத்தின் பட்டையில் விட்டார். படம் எடுக்கலாம் என்று கைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நிமிர்ந்தேன், பூச்சியைக் காணவில்லை. பறந்துவிட்டது என்றேன். அவர் பேசாமல் என் மூக்கிற்கு ஒரு சாண் தொலைவில் விரலை நீட்டினார்.

இதே போன்ற பச்சையும் கறுப்பும் கொண்ட இன்னொரு பூச்சி இங்கே உண்டு. அதையும் ‘அரிய மெர்வெய் து ஷூர்’ என்றே அழைப்பதால் குழப்பம் நேர்கிறது. மோமா ஆல்பியம் என்னும் அந்த இனம் ஜூன், ஜூலையில் பறப்பது. பிரிட்டனில் தெற்கத்திய ஓக் காடுகள் சிலவற்றில் மட்டுமே கிடைப்பது. நாட்காட்டியைப் பார்த்தாலே இரண்டையும் பிரித்துவிடலாம்.

வாழிடத்தைப் பொறுத்தவரை ஓக் மரம் இருக்கும் இடமே இதன் இடம். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவியிருக்கிறது. அடர்ந்த காடு வேண்டும் என்பதில்லை, பழைய பூங்காக்களிலும் வயல் வேலிகளிலும் தனித்து நிற்கும் முதிய மரமே போதும். தமிழ்நாட்டில் இதைத் தேட வேண்டியதில்லை.

வாழ்க்கைச் சுழற்சிதான் என்னை அதிகம் ஈர்த்த பகுதி. ஆண்டுக்கு ஒரே தலைமுறை. அக்டோபரில் பெண் பூச்சி ஓக் மரத்தின் கிளைகளிலும் பட்டை இடுக்குகளிலும் முட்டையிடுகிறது. பனியும் உறைகுளிரும் வந்துபோகும் அத்தனை மாதங்களையும் இந்த இனம் முட்டையாகவே கழிக்கிறது. அப்போது உயிரோடிருக்கும் வளர்ந்த பூச்சி எதுவும் இல்லை. வசந்தத்தில் ஓக் மொட்டுகள் உப்பத் தொடங்கும் வேளையில் முட்டைகள் பொரிகின்றன. பிறந்த புழு முதலில் மொட்டுக்குள் துளைத்துச் சென்று தின்கிறது. பின்னர் ஓக்கின் பூக்களுக்கும் இளந்தளிர்களுக்கும் மாறுகிறது. வளர்ந்த புழு இரவில் மட்டும் மேலேறி மேய்ந்துவிட்டு, பகலில் பட்டை வெடிப்புகளுக்குள் அடங்கிக்கிடக்கும். முதுகில் கரிய சாய்சதுரக் குறிகள் கொண்ட அதன் சாம்பல் பழுப்பு உடலைப் பட்டையிலிருந்து பிரித்தறிவது, பச்சைப் பூச்சியைத் தேடுவதைவிடக் கடினம்.

மொட்டு வெடிக்கும் நேரத்தோடு ஒட்டிப் பிறப்பதில் காரணம் இருக்கிறது. ஓக் இலை முற்ற முற்ற அதில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் கூடுகிறது. இலை தடித்து, சத்தும் குறைகிறது. ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள வைதம் காட்டில் பால் ஃபீனி என்பவர் இதை ஆராய்ந்து 1970இல் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது வேறொரு பூச்சி, குளிர்கால அந்துப்பூச்சி எனப்படுவது. என்றாலும் அதே மரத்தில் அதே பருவத்தில் மேயும் நம் பூச்சிக்கும் அந்தக் காரணம் பொருந்தும் என்றே கருதுகிறேன். முந்திப் பிறந்தால் தின்ன மொட்டு திறந்திருக்காது, பிந்திப் பிறந்தால் இலை முற்றிவிடும்.

ஜூன் வாக்கில் முழு வளர்ச்சியடைந்த புழு மரத்திலிருந்து இறங்கி, வேர்களை ஒட்டிய மண்ணுக்குள் புகுந்து, கூடு அமைத்துக் கூட்டுப்புழுவாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூச்சி சேகரிப்பாளர்கள் சிறு மண்வெட்டியோடு மரத்தடிகளைக் கிளறித் திரிந்ததும் இத்தகைய கூட்டுப்புழுக்களுக்காகத்தான். கோடை முழுவதும் மண்ணுக்குள் இருந்துவிட்டு, செப்டம்பரில் வெளிவந்து, தான் தின்று வளர்ந்த அதே மரத்தில் ஏறி இறக்கை உலர்த்துகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய மூன்று நிலைகளும் ஒரே மரத்திலும் அதன் அடியிலும் கழிய, இறக்கையோடு வாழும் காலம் சில வாரங்களே.

கடைசியாக, குளிரில் எப்படிப் பறக்கிறது என்ற கேள்வி. பறப்பதற்கு முன் இத்தகைய பூச்சிகள் இறக்கைகளைச் சற்று நேரம் விடாமல் நடுங்கவைக்கின்றன. அந்த நடுக்கத்தில் பறக்கும் தசைகள் சூடேறுகின்றன. மார்பை மூடியிருக்கும் செதில் அடர்த்தி அந்தச் சூட்டைக் கம்பளிபோல் காக்கிறது. இப்படி எரிப்பதற்கு எரிபொருள் வேண்டும். மற்றப் பூக்கள் ஓய்ந்துபோன அந்தப் பருவத்தில் ஐவி கொடி மட்டும் மஞ்சள் பச்சைப் பூங்கொத்துகளோடு நிற்பதால், இருட்டிய பிறகு இந்தப் பூச்சி அங்கே தேனுக்கு வருகிறது. கனிந்து வெடித்த பழங்களையும் விடுவதில்லை. வெல்லப்பாகு போன்ற கரும் சர்க்கரைப் பாகில் பீர் அல்லது ரம் கலந்து, பூச்சிகளை ஈர்க்க அடிமரத்தில் பூசி வைப்பது இங்குள்ள பழைய உத்தி. நானும் பூசிப் பார்த்தேன். முதல் இரவு வந்தவை நத்தைகள் மட்டும். ஆகவே இலையுதிர்காலத்தில் இந்தப் பக்கம் வருபவர்களுக்கு நான் சொல்வது ஐவிதான்: காற்றில்லாத, மிதமான குளிருள்ள ஓர் இரவில், ஓக் மரத்தில் படர்ந்து பூத்திருக்கும் கொடியாகப் பார்த்து, கைவிளக்கை மெல்ல அடித்துப் பாருங்கள்.