சீன மொழி இலக்கியப் பட்டப்படிப்பு: கேள்வி பதில்

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டேன். சீனாவில் போய் சீன இலக்கியம் பி.ஏ. படிக்க எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கணும் அக்கா?

பதில்: துறையின் பெயரை முழுசாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள் தம்பி. 'ஹான்யூயென்' (சீன மொழி) என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது வெளிநாட்டு மாணவர்களுக்கானது. பேச்சு, கேட்டல், எழுத்து என்று படிப்படியாகப் போகும். அதோடு 'வென்ஷுயே' (இலக்கியம்) சேர்ந்தால் சீன மாணவர்களே படிக்கும் மொழி இலக்கியத் துறை. அங்கே மொழியியல், பண்டைய இலக்கிய வரலாறு எல்லாம் சீனப் பிள்ளைகளின் வேகத்தில் ஓடும். எச்எஸ்கே என்பது சீன மொழித் திறன் தேர்வு. அதன் பழைய ஆறு நிலைக் கணக்கில் 4-ம் நிலைக்கு 1200 சொல், 5-க்கு 2500. 4-ம் நிலையோடு அந்த வகுப்பில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. சேர்க்கைக்கு எச்எஸ்கே மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். அவசரப்பட்டு முன்னாடியே எழுதிவைக்காதீர்கள்.

கேள்வி: இந்தியாவில் எங்கே?

பதில்: டெல்லி ஜேஎன்யூவில் பி.ஏ. ஆனர்ஸ் உண்டு, சியூஇடி என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுதணும். சாந்திநிகேதன் விஸ்வபாரதியில் 1937-ல் தொடங்கிய சீன பவனம் என்கிற சீன மொழித் துறை இருக்கிறது. கட்டண விவரம் அவர்கள் தளத்தில்.

கேள்வி: உச்சரிப்பைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். சரிதானே?

பதில்: தப்பு. சீனத்தில் வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'. தாழ்ந்து போகிற மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது, உச்சியிலிருந்து சட்டென்று விழுகிற நான்காம் தொனியில் விற்பது. உங்கள் நோட்டில் இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்று, பெய்ஜிங்கின் முதல் ஒலி. ஆங்கிலப் பழக்கத்தில் அதைக் 'கம்பம்' ப-வாகச் சொல்கிறோம். அது 'பல்' ப. அதற்கு ஜோடியாகக் காற்றோடு வெடிக்கிற ப ஒன்று உண்டு, அது தமிழில் கிடையாது. ஒரு டிஷ்யூ தாளை வாய்க்கு நாலு விரல்கடை முன்னால் தொங்கவிடுங்கள். முதல் ப-வுக்குத் தாள் சும்மா இருக்கணும், இரண்டாவதற்குப் படபடக்கணும். த, க ஜோடிகளுக்கும் இதே சோதனைதான்.

கேள்வி: 'பல்' ப என்று நீங்களே தமிழைத்தானே காட்டுகிறீர்கள்? அப்புறம் எழுதினால் என்ன குற்றம்?

பதில்: நாக்குக்குத் தமிழ் உதவும், நோட்டுக்கு உதவாது. 'மனிதர்' என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலி நம் ழ-வுக்குப் பக்கத்து வீடு. ஆனால் 'ழென்' என்று எழுதிவைத்தால் தொனி எங்கே?

கேள்வி: தொனிக்கு 1, 2, 3, 4 என்று எண். இரண்டு ப-வுக்கும் தனித்தனிக் குறி. முடிந்ததா?

பதில்: முடிந்தது. சீன அரசு 1958-ல் ஏற்றுக்கொண்ட, சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் தொனிக் குறியோடு எழுதும் பின்யினை மறுபடி கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதையே படித்துவிடலாம்.

கேள்வி: எழுத்துகளைப் படம் படமாக மனப்பாடம் செய்யலாமா?

பதில்: நூறு எழுத்துக்கு மேல் தாங்காது. பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பாகம் பொருளுக்கு, ஒரு பாகம் ஒலிக்கு. 'அம்மா' எழுத்தில் இடப்பக்கம் 'பெண்', வலப்பக்கம் 'குதிரை'. குதிரை அங்கே 'மா' என்ற ஓசைக்காக மட்டும் நிற்கிறது.

கேள்வி: எழுத்து தெரிந்தால் போதாதா? பண்டைய சீனத்துக்கு எதற்குத் தனிப் பாடம்?

பதில்: பழங்காலக் கவிஞர் தாவ் யுவான்மிங்கின் பீச் மலர் ஊற்றுக் கதையை எடுங்கள். ச்சின் அரச வம்ச காலக் கலவரத்துக்குத் தப்பி, முன்னோர்கள் 'ச்சீ ட்ஸ்'-வோடும் ஊர்க்காரர்களோடும் 'ஜுவே ஜிங்' வந்து சேர்ந்ததாக ஊர் மக்கள் சொல்கிறார்கள். இன்றைய சீனத்தில் முதலாவது 'மனைவி', இரண்டாவது 'வழியற்ற நிலை'. அப்படியே படித்தால் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடிவந்து நாசமாய்ப் போனார்கள் என்றாகும். பழைய சீனத்தில் அவை தனித்தனிச் சொற்கள்: மனைவி, பிள்ளை, வெளித்தொடர்பு அற்ற, இடம். இன்று 'நட' என்கிற சொல்லே அன்று 'ஓடு'.

பழைய உரையில் ஓரெழுத்து ஒரு சொல் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பண்டைச் சீன அகராதியில் பாருங்கள். முக்கியமாக, தெரிந்த எழுத்தை. தெரியாததை எப்படியும் தேடுவீர்கள், தெரிந்ததுதான் கவிழ்க்கும். மொழியியல் அறிஞர் வாங் லி தொகுத்த நான்கு பாகப் பண்டைச் சீனப் பாடநூலில் ஒவ்வோர் அலகிலும் உரைப்பகுதியை அடுத்து 'வழக்குச் சொற்கள்' வரும். மாணவர்கள் தாண்டிப் போவது அதைத்தான், தேர்வில் உதைப்பதும் அதுதான். நூல் பழைய முழு வடிவமான மரபு எழுத்தில் இருக்கிறது. இன்று சீனாவில் வழங்கும் எளிய எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் அதற்கும் நேரம் ஒதுக்கணும்.

கேள்வி: தமிழில் உச்சரிப்பு போட்ட புத்தகம் ஏதாவது?

பதில்: மேலே மூன்று பதில் இருக்கிறது.

கேள்வி: டாங் அரச வம்ச காலக் கவிதையில் தொனி ஒழுங்கைச் சரிபார்த்தால் பல இடத்தில் இடறுகிறதே?

பதில்: நல்ல காது. யாப்பில் தொனிகள் சமத்தொனி, சமமில்லாத் தொனி என்று இரண்டு வகை. ப், த், க் என்று முடிந்த பழைய சொற்கள் சமமில்லாத் தொனி. இன்றைய பொதுச் சீனமான மாண்டரினில் அந்த முடிவுகள் உதிர்ந்து, பல சொற்கள் சமத்தொனிக்குள் போய்விட்டன. 'வெள்ளை' மாண்டரினில் 'பாய்', தென் சீனத்துக் காண்டனீஸில் இன்றும் 'பாக்'. சந்தேகம் வந்தால் காண்டனீஸ் உச்சரிப்பைப் பாருங்கள்.

கேள்வி: ப், த், க் என்றால், காண்டனீஸையாவது தமிழில் எழுதி...

பதில்: அதில் தொனி ஆறு. வேண்டாம்.