தலையில் அடிபட்ட பிறகு விடாத தலைவலி: முதலில் மாத்திரை அட்டையை எடுங்கள்

15 வயது மகள் வாலிபால் ஆடும்போது விழுந்து தலையில் அடி, சிடி ஸ்கேன் நார்மல், ஆனால் இரண்டு மாதமாகத் தினமும் தலைவலி, தினமும் மாத்திரை, வேறு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை, நரம்பியல் ஓபியில் நர்ஸ். இப்படி வருகிற பெற்றோர் முதலில் நீட்டுவது அந்தப் பெரிய ஸ்கேன் கவரைத்தான். டாக்டர் அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மாத்திரை அட்டை இருக்கா?" என்பார். அப்புறம் பையின் அடியிலிருந்து பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் என்று காலி அட்டையாக வரும் பாருங்கள், அம்மாவுக்கே திகைப்பாக இருக்கும்.

ஸ்கேன் சொல்வது ரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்பதை மட்டும்தான், மூளை குலுங்கியதால் வரும் தலைவலி அதில் தெரியாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாலு வாரத்துக்குள் சரியாகிவிடும். ஆகாதவர்களில் சிலருக்கு வலியை விடாமல் வைத்திருப்பதே மாத்திரைதான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டு அது மூன்று மாதத்தைத் தாண்டினால், மாத்திரையாலேயே தலைவலி வரலாம். நீங்கள் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளோடு நிறுத்தச் சொல்வார்கள். குறைக்கும்போது முதல் சில நாள் வலி கூடும், பயந்துபோய் மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள், ஆனால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். ஆஸ்பிரின் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம்.

கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்த வேகத்தில் கழுத்துத் தசை பிடித்துக்கொண்டு, வலி பின்மண்டையிலிருந்து ஏறும், அதற்கு பிசியோதெரபி நன்றாகக் கேட்கும். தலைக்குக் குளித்ததால் நீர் கோத்துக்கொண்டது என்று பாட்டி சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

இருட்டறையில் படுக்க வைப்பதெல்லாம் முதல் ஓரிரு நாளுக்குத்தான். அப்புறம் மெதுவாக நடக்கட்டும், அரை நாளாவது பள்ளிக்குப் போகட்டும், காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காமல் நேரத்துக்குத் தூங்கட்டும். டியூஷனைக் கொஞ்ச நாள் விட்டாலும் ஒன்றும் ஆகாது. வாலிபால் மட்டும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். ஆறாத நிலையில் இன்னொரு அடி விழுவது ஆபத்து.

திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், நாளுக்கு நாள் ஏறும் வலி, இதில் எது வந்தாலும் ஓபி நேரத்துக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.