அமெரிக்காவில் தேர்தலை நடத்துபவரே தேர்தலில் நிற்கிறாராமே, அது எப்படிச் சரியாகும்?

உண்மைதான். பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலை மேற்பார்வை பார்க்கும் அதிகாரி கட்சிச் சின்னத்தோடு, போஸ்டர் அடித்து, நிதி திரட்டி, ஓட்டுக் கேட்டு ஜெயித்து வருகிறவர். நம் ஊரில் தேர்தல் ஆணையரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தலை சுற்றும். எனக்கும் சுற்றியது.

நான் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில். 2018-ல்தான் குடியுரிமை கிடைத்தது. முதல் வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. சீட்டா அது, கல்யாண வீட்டு மளிகைப் பட்டியல் போல நீளம். ஆளுநர், செனட்டர், நீதிபதிகள், பள்ளி வாரியம், போதாக்குறைக்கு மாநிலச் சுரங்க ஆய்வாளர். சுரங்க ஆய்வாளருக்குக்கூட இங்கே தேர்தல்தான். நடுவில் ஒரு கட்டத்தில் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்று இருந்தது. ஹிலரி கிளின்டன் வகித்த பதவியின் பெயர் அல்லவா அது, வெளியுறவு அமைச்சர்! "அரிசோனாவுக்கு எதுக்குங்க வெளியுறவுத் துறை? மெக்ஸிகோவோட ஏதாவது தகராறா?" என்றாள் மனைவி. எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கட்டத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு உறையை ஒட்டினேன்.

அந்தக் கட்டத்துக்கான போட்டியில் முதல் இரவு குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் கேனர் ஜெயித்துவிட்டார் என்றே செய்தி வந்தது. தபால் ஓட்டுகளை எண்ண எண்ண வித்தியாசம் கரைந்து, கடைசியில் ஜனநாயகக் கட்சியின் கேட்டி ஹாப்ஸ் சுமார் 20,000 ஓட்டில் வென்றார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அடுத்த வருஷம் ஊரில் ஒரு மனை விஷயமாகத் தம்பி பெயருக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டு, அதன்மேல் மாநில அரசின் 'அப்போஸ்டில்' சான்று வாங்கினால்தான் இந்தியாவில் செல்லும். சான்று வந்தது. கீழே கையெழுத்து: கேட்டி ஹாப்ஸ், செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். நான் காலியாக விட்ட கட்டம் என் வீட்டு மேசைக்கே வந்து சேர்ந்துவிட்டது. அப்போதுதான் இந்தப் பதவி என்னவென்று உட்கார்ந்து படித்தேன்.

வாஷிங்டனில் இருக்கும் வெளியுறவு அமைச்சருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது மாநிலத்தின் தலைமை எழுத்தர் பதவி மாதிரி. தமிழில் மாநிலச் செயலாளர் என்று வைத்துக்கொள்ளலாம். மாநில முத்திரை இவரிடம் இருக்கும். நோட்டரிகளை நியமிப்பது, வணிக முத்திரைகளைப் பதிவது இப்படி ஏகப்பட்ட காகித வேலை. மிச்சிகனில் ஓட்டுநர் உரிமம் கொடுப்பதும் இவருடைய அலுவலகம்தான். இதோடு சேர்ந்து பல மாநிலங்களில் தேர்தலும் இவர் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. விஸ்கான்சினில் தேர்தலுக்குத் தனி ஆணையம் உண்டு. டெக்சாஸிலும் பென்சில்வேனியாவிலும் ஆளுநர் நியமிக்கிறார். மெய்னில் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டு இந்தப் பதவிக்கு ஆளை அனுப்புகிறார்கள்.

கட்சிக்காரர் நடுவராக இருந்தால் என்ன ஆகும்? ஆனதெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. 2000-ல் ஃபுளோரிடாவில் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் 537 ஓட்டு வித்தியாசம். அந்த முடிவுக்குச் சான்றளித்தவர் காத்தரின் ஹாரிஸ். அவர் மாநிலச் செயலாளர் மட்டும் இல்லை, ஃபுளோரிடாவில் புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு இணைத்தலைவரும்கூட. 2004-ல் ஒஹாயோவில் கென் பிளாக்வெல்லும் அதே மாதிரி இரட்டை வேடம். அவர் செய்த ஒரு வேலை எனக்கு மறக்கவே மறக்காது: வாக்காளர் பதிவுப் படிவம் 'எண்பது பவுண்டு' கனமுள்ள தாளில், அதாவது அஞ்சலட்டை மாதிரி தடித்த தாளில், இருந்தால்தான் ஏற்போம் என்றார். தபாலில் கிழியாமல் வர வேண்டுமாம். பதிவுக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கூச்சல் கிளம்பியதும் பின்வாங்கினார். இதைப் படித்தபோது நம்மூர் தாலுகா ஆபீஸில் "லீகல் சைஸ் பேப்பர்ல எழுதிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. ஒருவருடைய ஓட்டைத் தடுக்க லத்தி தேவையில்லை, தாளின் தடிமன் போதும்.

இன்னொரு வகை உண்டு: தன் ஆட்டத்துக்கே தான் நடுவர். ஜார்ஜியாவில் பிரையன் கெம்ப் மாநிலச் செயலாளராக இருந்துகொண்டே 2018-ல் ஆளுநர் பதவிக்கு நின்றார். பெயரில் ஒரு எழுத்து, ஒரு கோடு ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால்கூடப் பதிவை நிறுத்திவைக்கும் விதியால் சுமார் 53,000 விண்ணப்பங்கள் தொங்கலில் நின்றன. அவர் ஜெயித்தது ஏறக்குறைய 55,000 ஓட்டில். தேர்தல் முடிந்த பிறகே செயலாளர் பதவியை விட்டார். உடனே குடியரசுக் கட்சிக்காரர்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு வருஷம் கழித்து எங்கள் ஹாப்ஸ் அதையே செய்தார். செயலாளர் நாற்காலியில் இருந்தபடியே ஆளுநருக்கு நின்று, குடியரசுக் கட்சியின் கேரி லேக்கை 17,117 ஓட்டில் வென்று, 2022 டிசம்பர் 5 அன்று தன் வெற்றிக்குத் தானே சான்றளித்துக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் ஆளுநர், அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்), தலைமை நீதிபதி எல்லோரும் இருந்தார்கள், சட்டப்படி எல்லாம் சரி. ஆனாலும் விலகி நின்றிருக்கலாம். அவருக்குத்தான் நான் ஓட்டுப் போட்டேன், இருந்தும் இதைச் சொல்கிறேன்.

அரிசோனாவில் இந்தப் பதவிக்கு வேறொரு கவர்ச்சியும் இருந்தது. இங்கே துணை ஆளுநர் கிடையாது. (2022-ல் மக்கள் ஒப்புதல் கொடுத்து 2026 தேர்தலிலிருந்து அந்தப் பதவி வருகிறது.) அதனால் ஆளுநர் பாதியில் போனால் அடுத்த ஆள் மாநிலச் செயலாளர்தான். 1988-ல் ஆளுநர் பதவிநீக்கம் செய்யப்பட்டபோது ரோஸ் மாஃபர்ட், 1997-ல் ஆளுநர் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி ராஜினாமா செய்தபோது ஜேன் ஹல், 2009-ல் ஆளுநர் ஒபாமா அமைச்சரவைக்குப் போனபோது ஜான் ப்ரூவர். மூன்று பேரும் இந்த நாற்காலியிலிருந்து அந்த நாற்காலிக்குப் போனவர்கள். ஏணியாக இருக்கும் பதவிக்கு வருகிறவர்கள் அடுத்த படியையே பார்த்துக்கொண்டிருந்தால் ஆச்சரியமில்லை.

ஆனால் 2022-ல் பிரச்சினை இந்த வகையிலிருந்தே மாறிவிட்டது. அதற்கு முன் இந்தப் பதவிக்கு நின்றவர்கள் பேசுவதெல்லாம் தூக்கம் வரும் விஷயம்: பதிவை எளிதாக்குவேன், கம்பெனிப் பதிவுக் கட்டணத்தைப் பார்ப்பேன். 2022-ல் அரிசோனா, நெவாடா, மிச்சிகன் என்று பல மாநிலங்களில் நின்றவர்கள், 2020 அதிபர் தேர்தல் முடிவே செல்லாது என்பதைப் பிரசாரமாக்கினார்கள். காரணம் தெரிந்ததுதான். 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் ஜார்ஜியாவின் மாநிலச் செயலாளர் பிராட் ராஃபன்ஸ்பெர்கருக்குப் போன் போட்டு, தனக்கு 11,780 ஓட்டு கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று கேட்டார். பைடன் அங்கே ஜெயித்தது 11,779-ல். ராஃபன்ஸ்பெர்கர் டிரம்ப்பின் கட்சிக்காரர்தான், டிரம்ப்புக்குத்தான் ஓட்டும் போட்டவர். மாட்டேன் என்றார். அந்த உரையாடல் வெளியே வந்த நாளில், யாரும் கண்டுகொள்ளாத இந்த நாற்காலியின் மதிப்பு இரண்டு கட்சிக்கும் புரிந்துவிட்டது.

எங்கள் ஊர்ப் போட்டியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். குடியரசுக் கட்சியில் மார்க் ஃபின்செம், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அரிசோனாவில் பைடன் வென்றது 10,457 ஓட்டில். ஓராண்டுக்கு மேல் கழிந்த பிறகும், 2022 பிப்ரவரியில், மூன்று கவுண்டிகளின் (நம் மாவட்டம் மாதிரி) 2020 முடிவைத் திரும்பப் பெற வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். எண்ணும் இயந்திரங்களைத் தடை செய்யக் கேரி லேக்கோடு சேர்ந்து வழக்கும் போட்டார், அது தள்ளுபடியானது.

எதிரே ஜனநாயகக் கட்சியின் ஏட்ரியன் ஃபோன்டெஸ், மாரிகோபா கவுண்டியின் முன்னாள் ரெக்கார்டர், அதாவது வாக்காளர் பதிவைப் பார்க்கும் அதிகாரி. இவரும் சாமியார் இல்லை. 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய நேரத்தில், கேட்காதவர்களுக்கும் வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பப் போகிறேன் என்று கிளம்பினார். சட்டத்தில் இடமில்லை என்று நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அவரைப் பற்றி எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. 2020 நவம்பரில், தபால் ஓட்டும் வாக்காளர் பதிவும் அவர் பொறுப்பில் இருந்த அதே தேர்தலில், அவரே ரெக்கார்டர் பதவிக்கு மறுபடி நின்று சில ஆயிரம் ஓட்டில் தோற்றுப்போனார். தேர்தலைத் திருகத் தெரிந்த ஆள் முதலில் தன் வேலையைத்தானே காப்பாற்றிக்கொண்டிருப்பார்! அவரைத் தோற்கடித்துவிட்டு வந்தவர் குடியரசுக் கட்சியின் ஸ்டீபன் ரிச்சர். அந்த ரிச்சரே பிறகு, 2020 தேர்தல் ஒழுங்காகத்தான் நடந்தது என்று தன் கட்சிக்காரர்களிடமே வாதாடி, 2024-ல் சொந்தக் கட்சியின் உட்தேர்தலில் பதவியை இழந்தார்.

முடிவு: ஃபோன்டெஸ் சுமார் 1,20,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே சீட்டில், அதே வாக்காளர்கள், மாநிலப் பொருளாளர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் கிம்பர்லி யீயைத் தாராளமாக ஜெயிக்க வைத்தார்கள். அதாவது ஏராளமான பேர் கட்டம் கட்டமாக நின்று யோசித்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். நெவாடா, மிச்சிகன், மினசோட்டா மூன்றிலும் 2020 முடிவை ஏற்காதவர்கள் இதே மாதிரி தோற்றார்கள். ஜார்ஜியாவில் ராஃபன்ஸ்பெர்கர் டிரம்ப் ஆதரித்த ஜோடி ஹைஸைக் கட்சியின் உட்தேர்தலிலேயே தாண்டிவிட்டார். 2020 முடிவைக் கேள்வி கேட்டவர்களில் இந்தியானாவின் டியேகோ மொராலஸ் போன்ற சிலர் ஜெயித்தார்கள். ஃபின்செம் தோல்வியை எதிர்த்து வழக்குப் போட்டார், அதுவும் தள்ளுபடி. 2024-ல் மாநில செனட்டுக்கு நின்று ஜெயித்தார். அந்த முடிவை எதிர்த்து அவர் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

சரி, செயலாளர் நினைத்தால் உண்மையில் என்னதான் செய்ய முடியும்? அரிசோனாவில் ஓட்டை எண்ணுவது அவர் இல்லை, 15 கவுண்டிகள். அவர் எழுதுவது விதிப் புத்தகம், தேர்தல் நடைமுறைக் கையேடு. அதற்கும் ஆளுநர், அட்டர்னி ஜெனரல் இருவரின் ஒப்புதல் வேண்டும். 2021-ல் ஹாப்ஸ் எழுதிய கையேட்டை அப்போதைய குடியரசுக் கட்சி அட்டர்னி ஜெனரல் ஏற்கவில்லை. அதனால் 2022 தேர்தல் 2019-ம் ஆண்டுக் கையேட்டை வைத்தே நடந்தது. அந்த வருஷம் கொச்சீஸ் கவுண்டி மேற்பார்வையாளர்களில் இருவர் கெடு தாண்டியும் முடிவுக்குச் சான்று தராமல் இழுத்தபோது, ஹாப்ஸால் நேரே போய் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கித்தான் வேலை நடந்தது.

ஓட்டு வேலையெல்லாம் கவுண்டியின் கையில் என்பதை நான் புரிந்துகொண்டது மனைவியின் கையெழுத்தால். அவள் ஓட்டுநர் உரிமத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். 2022-ல் வாக்குச்சீட்டு உறையில் ஏதோ ஞாபகத்தில் ஆங்கிலத்தில் கிறுக்கிவிட்டாள். சில நாளில் கவுண்டியிலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, உங்களுடையதுதானா, பிறந்த தேதி சொல்லுங்கள் என்று கேட்டுச் சரி செய்துகொண்டார். தேர்தல் முடிந்தும் ஐந்து வேலை நாள் வரை இப்படிச் சரி செய்துகொள்ள அப்போது அவகாசம் இருந்தது. போனை வைத்ததும் மனைவி, "அந்தம்மா எந்தக் கட்சின்னு கேட்டிருக்கலாமோ?" என்றாள். கேட்காததே நல்லது என்று தோன்றியது.

நியமித்தால் நடுநிலை வந்துவிடுமா என்றால், எனக்கு அதிலும் நம்பிக்கை குறைவு. ஃபுளோரிடாவில் 2003-லிருந்து ஆளுநர்தான் நியமிக்கிறார், இப்போது அது ஆளுநருடைய ஆள். நம் ஊரில் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சேஷன் யாரிடமும் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை, நியமனத்தில் வந்தவர்தான். ஆனால் அதே நாற்காலியில் எல்லோரும் சேஷனாக இருந்ததில்லை. என்னைக் கேட்டால், இரண்டே விதி போதும்: இந்தப் பதவியில் இருப்பவர் வேறு பதவிக்கு நிற்பதானால் முதலில் ராஜினாமா செய்ய வேண்டும், யாருடைய பிரசாரக் குழுவிலும் இருக்கக் கூடாது. கட்சி பார்த்துத் தேர்ந்தெடுப்பதை நான் அவ்வளவு பெரிய குற்றமாக இப்போது நினைப்பதில்லை. வாக்காளர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் எனக்குப் பயம். விட்டவன் நான்தானே.

போன வருஷம் பவரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்த முறை சான்றில் ஃபோன்டெஸின் கையெழுத்து. தம்பியோடு வீடியோ காலில் இருந்தேன், சார்பதிவாளர் அலுவலக எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன தடவை வேற ஆள் கையெழுத்து இருந்துச்சே, இவர் யாரு சார்?" "அங்க தேர்தல் நடத்துறவருங்க." "தேர்தல் நடத்துறவருக்கு மனைப் பத்திரத்துல என்ன வேலை?" என்றார். மேசையில் தயாராக எடுத்து வைத்திருந்த பழைய சான்றையும் காட்டச் சொன்னேன். இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, முத்திரை ஒண்ணுதான்" என்று வாங்கிக்கொண்டார்.