‘ஆதரவு அளிக்கப்பட்டது’ என்று எழுதலாமா?

கேள்வி: முதுநிலை சமூகப்பணி முதலாண்டு படிக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனையில் களப்பணி. ஏழு வாரம் ஆகிவிட்டது. பாதி நேரம் ஃபைல் அடுக்கச் சொல்கிறார்கள். சூப்பர்வைசருக்கு என்னோடு உட்கார நேரமே இல்லை. போன வாரம் வார்டில் ஒரு பாட்டி, “என் மகன் வருவானா?” என்று கேட்டார். “கண்டிப்பா வருவார் பாட்டி” என்று சொல்லிவிட்டேன். இதுவரை அவர் வரவில்லை. அறிக்கையில் ‘உணர்வுரீதியான ஆதரவு அளிக்கப்பட்டது’ என்று எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் உறுத்துகிறது. வீட்டிலோ, “நாலு பேருக்கு உதவறதுக்கு எதுக்குப் பட்டம்?” என்கிறார்கள். நான் இதற்கு லாயக்கில்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: அந்த வாக்கியத்தின் அக்கா ஒன்றை நானும் எழுதியிருக்கிறேன். ‘பயனாளி திருப்தியுடன் விடைபெற்றார்.’ என் சூப்பர்வைசர் படித்துவிட்டு, “திருப்தியாப் போனார்னு உனக்கு யாரும்மா சொன்னா?” என்றார். யாரும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அந்தப் பயனாளி எழுந்து போனார், அவ்வளவுதான்.

நம் துறையில் பிராசஸ் ரெக்கார்டிங் என்று ஒன்று இருக்கிறது. வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், எழுதக் கை வலிக்கும் என்பதால் எல்லோரும் சுருக்கத்துக்கு ஓடிவிடுவார்கள். தாளை நீளவாக்கில் மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில், யார் என்ன சொன்னார்கள் என்பது, நினைவில் இருக்கிற வரைக்கும் அப்படியே. நடுவில், அந்த நொடியில் உங்களுக்குள் என்ன ஓடியது என்பது. மூன்றாவது, சூப்பர்வைசர் எழுதுவதற்கு. பாட்டியோடு நடந்ததை இதில் எழுதினால் இப்படி வரும்:

பாட்டி: “என் மகன் வருவானா?”
நான்: “கண்டிப்பா வருவார் பாட்டி.”
எனக்குள்: வருவாரா என்று எனக்குத் தெரியாது. அவர் என் கையைப் பிடித்திருந்தார். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு ஒரு நல்ல சூப்பர்வைசர் ஒரு மணி நேரம் பேசுவார். அந்த ஆறுதல் யாருக்குத் தேவைப்பட்டது, பாட்டிக்கா உங்களுக்கா? மகனைப் பற்றி ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கத் தோன்றவில்லை? ‘ஆதரவு அளிக்கப்பட்டது’ என்பதை வைத்துக்கொண்டு அவரால் என்ன பேச முடியும்? மதிப்பெண்தான் போட முடியும், போட்டுவிட்டார்.

சூப்பர்வைசருக்கு நேரமில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. சமூகப்பணி மேற்பார்வை பற்றி நிறைய எழுதிய ஆல்ஃபிரட் கடுஷின், அதற்கு நிர்வாகம், கல்வி, ஆதரவு என்று மூன்று வேலைகள் உண்டு என்றார். உங்களுக்கு இப்போது கிடைப்பது முதலாவது மட்டும்: வருகைப் பதிவில் கையெழுத்து. அமெரிக்காவில் முதுநிலை மாணவர்களுக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம். ஆனால் கேட்க ஆளில்லாமல் 900 மணி நேரம் நின்றால் கால்தான் வலிக்கும். அதனால், “நேரம் இருக்கும்போது பேசலாமா?” என்று கேட்காதீர்கள், அந்த நேரம் வரவே வராது. “வாரம் ஒரு நாள் அரை மணி நேரம், எந்த நாள் உங்களுக்குச் சரிப்படும் மேடம்?” என்று கேளுங்கள். போகும்போது ஒரே ஒரு பிராசஸ் ரெக்கார்டிங்கும் ஒரே ஒரு கேள்வியும் கொண்டுபோங்கள். இரண்டு வாரம் கேட்டும் நடக்கவில்லை என்றால், கல்லூரியில் உங்கள் களப்பணிக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. மாணவியை அனுப்பிவிட்டு அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவருடைய வேலை.

ஃபைல் விஷயத்தில் மட்டும் உங்களோடு கொஞ்சம் சண்டை. அனுமதி வாங்கிக்கொண்டு, அடுக்குகிற ஃபைலைத் திறந்து படியுங்கள். எத்தனை பேர் முதல் சந்திப்போடு நின்றுபோனார்கள்? நின்றவர்களின் ஃபைலில் காரணம் எழுதியிருக்கிறதா, வெறுமனே ‘வரவில்லை’ என்று இருக்கிறதா? முப்பது ஃபைல் படித்தால் அந்தத் துறை யாரைத் தவறவிடுகிறது என்று தெரிய ஆரம்பிக்கும். அதை ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், உங்களை ஃபைல் அடுக்கும் பெண்ணாகப் பார்ப்பது குறையும். (பெயர்களை மாற்றி எழுதுங்கள். ஃபைலை போனில் படம் பிடிக்கவே கூடாது.) டீ வாங்கிவரச் சொல்வது, ஜெராக்ஸ் எடுக்க அனுப்புவது மட்டுமே வாரக்கணக்கில் நடந்தால் அது வேறு கதை; உடனே கல்லூரிக்குச் சொல்ல வேண்டியது.

வீட்டில் கேட்கிற கேள்வி பழைய கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் ‘நட்பு வருகையாளர்கள்’ என்று தர்ம அமைப்புகளின் தன்னார்வலர்கள் ஏழைகளின் வீடுவீடாகப் போனார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் போன இடத்தில் பாதிப் பேர் புத்திமதி சொல்லிவிட்டு வந்தார்கள். அந்த அமைப்புகளுக்குள்ளேயே வேலை பார்த்த மேரி ரிச்மண்ட், இதற்குப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று 1897ல் ஒரு மாநாட்டில் கேட்டார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைப் பயிற்சி தொடங்கியது. 1899ல் ஆம்ஸ்டர்டாமில் இரண்டாண்டுப் படிப்பே வந்துவிட்டது. “கண்டிப்பா வருவார் பாட்டி” என்பதும் நல்ல மனசு சொன்னதுதானே? வீட்டில் அதையே உதாரணமாகச் சொல்லிப் பாருங்கள்.

லாயக்கா இல்லையா என்பதை ஏழாவது வாரத்தில் யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். உதவி தேடி வருபவரோடு எப்படிப் பழக வேண்டும் என்று பீஸ்டெக் வகுத்த ஏழு கொள்கைகளைத் தேர்வில் வரிசை மாறாமல் எழுதியிருப்பீர்கள். அதில் ஒன்றான ‘தீர்ப்பு சொல்லாமை’ என்பது, மனைவியை அடித்துவிட்டு வந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து தண்ணீர் கேட்கும்போதுதான் என்னவென்று தெரியும். அந்த நாள் உங்களுக்கு இன்னும் வரவில்லை. வந்த பிறகு இதே கேள்வியை எனக்கு எழுதுங்கள்.

இப்போதைக்குப் பாட்டி இருக்கிறார். சூப்பர்வைசரிடம் பேசிவிட்டுப் போங்கள். மகனின் எண்ணுக்கு யாராவது போன் செய்தார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு, “போன வாரம் வருவார்னு சொல்லிட்டேன் பாட்டி. எனக்கு அது தெரியாது” என்று சொல்லுங்கள். அதற்கு அவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அவசரப்பட்டு நீங்களும் எதுவும் சொல்லாதீர்கள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை முதல் பத்தியில் எழுதுங்கள், நடுப்பத்தியில் மற்றதை.