"ரெண்டு பெர்சன்ட் ஃபிக்ஸ்ட் ரேட்" என்று முகவர் சொன்னால்...

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்கப் போகிறோம். 560,000 வெள்ளி வரை போகும் என்கிறார்கள். வந்து பார்த்த முகவர், "ரெண்டு பெர்சன்ட், அதுக்கு மேல ஜிஎஸ்டி. எல்லாருக்கும் இதே ஃபிக்ஸ்ட் ரேட்தான் அக்கா" என்று சொல்லி, மூன்று மாத எக்ஸ்குளூசிவ் ஒப்பந்தத்தை நீட்டினார். குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? என் கணவரின் பெரியப்பா மகனும் வீட்டை வாங்க ஆசைப்படுகிறார். அவரே வாங்கினாலும் முகவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டுமா?
– ஈசூன் வாசகி

பதில்: இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது நல்ல விஷயம். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பணம் போகும் வாய்ப்பு அதில்தான் அதிகம்.

எக்ஸ்குளூசிவ் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்தில் வீடு யார் மூலம் விற்றாலும் அந்த நிறுவனத்துக்குக் கமிஷன் உண்டு. வேறு முகவர் ஆளைக் கொண்டுவந்தாலும் சரி, பெரியப்பா மகன் உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து விலை பேசி முடித்தாலும் சரி. "அவர் எங்க சொந்தக்காரர், நீங்க ஒண்ணும் செய்யலையே" என்ற வாதம் அங்கே எடுபடாது. உறவினர் பெயரைக் கூடுதல் நிபந்தனையாக எழுதி விலக்கு வாங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அச்சிட்ட நிபந்தனைக்கு மாறாகக் கையால் எழுதிய வரி செல்லுமா என்பதே பிறகு தனிச் சண்டையாகிவிடும். அதனால் முதலில் உறவினரிடம் முடிவாகக் கேளுங்கள். வாங்குவதாக இருந்தால், வீடு வாங்கத் தகுதி உண்டு என்று வீவக தரும் எச்எஃப்இ கடிதம் அவருக்குத் தேவை. அது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் அவருக்கு நீங்கள் ஓடிபி (வீட்டை வாங்கும் உரிமையைத் தரும் பத்திரம்) கொடுக்க முடியாது. வெறும் ஆசை என்றால் அது இந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். பதில் வரும்வரை எக்ஸ்குளூசிவில் கையெழுத்து வேண்டாம். முகவர் உடனே வேலையைத் தொடங்க வேண்டும் என்றால் எக்ஸ்குளூசிவ் அல்லாத ஒப்பந்தம் போடுங்கள். சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் சிஇஏ இரண்டுக்கும் தனித்தனிப் படிவம் வைத்திருக்கிறது: வீட்டை விற்பவருக்குப் படிவம் 1 சாதாரணம், படிவம் 5 எக்ஸ்குளூசிவ்.

இனி கமிஷன். "ஃபிக்ஸ்ட் ரேட்" என்று ஒன்று சிங்கப்பூரில் கிடையாது. சிஇஏ எந்த விகிதத்தையும் விதிக்கவில்லை. 2 விழுக்காடு என்பது வெறும் வழக்கம். அதைப் பேசிக் குறைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கணக்கைப் பாருங்கள். 560,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு 11,200. அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி 1,008. மொத்தம் 12,208 வெள்ளி. ஒன்றரை விழுக்காடு என்றால் வரியோடு 9,156. ஒரு விழுக்காடு என்றால் 6,104. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த நிறுவனம் மட்டுமே அந்த வரியைக் கேட்கலாம். ஆகவே சொல்லும் தொகை வரியைச் சேர்த்தா, சேர்க்காமலா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கடைசி நாளில் கிளம்பும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

வெறுமனே "குறைங்க தம்பி" என்று கேட்பதைவிட அடுக்கு முறையில் பேசுவது நல்லது. 2 விழுக்காட்டு முறையில் உங்களுக்கு 10,000 வெள்ளி கூடுதலாகக் கிடைத்தால் நிறுவனத்துக்குக் கிடைப்பது 200 வெள்ளிதான். அந்த 200 வெள்ளிக்காக இன்னும் இரண்டு வாரம் காத்திருப்பதைவிட, வந்த விலைக்கு முடித்துவிடலாம் என்றுதான் முகவருக்குத் தோன்றும். அதற்குப் பதிலாக 550,000 வரை 1 விழுக்காடு, அதற்கு மேல் வரும் தொகையில் 10 விழுக்காடு என்று பேசிப் பாருங்கள். 575,000க்கு விற்றால் 5,500 உடன் 2,500 சேர்ந்து 8,000, வரியோடு 8,720 வெள்ளி. அதே விலைக்கு 2 விழுக்காடு என்றால் வரிக்கு முன்பே 11,500.

ஆனால் பேரம் பேசுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் புளோக்கின் இன விகிதாசார நிலவரம், அதாவது அங்கே ஒவ்வோர் இனத்தாருக்கும் உள்ள வரம்பு நிரம்பிவிட்டதா என்பது. சீனர் வரம்பு நிரம்பிவிட்ட புளோக்கில் இந்தியரான நீங்கள் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் கூட்டம் சுருங்கிவிடும். வீடு விற்க நாளாகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு அனுபவமுள்ள முகவர் ஒரு விழுக்காட்டுக்கு வர மாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது. நிலவரம் மாதந்தோறும் முதல் தேதி மாறும். வீவக இணையத்தளத்தில் பார்க்கலாம்.

எக்ஸ்குளூசிவ்தான் போடுவது என்று முடிவானால், மூன்று மாதம் என்பது உச்சவரம்பு, கட்டாயம் இல்லை. ஆறு வாரம் கேளுங்கள். காலாவதிக்குப் பிறகும் ஒரு வால் உண்டு: ஒப்பந்தக் காலத்தில் அந்த முகவர் கொண்டுவந்த ஆள் பிறகு வாங்கினாலும் கமிஷன் கேட்கலாம். அந்தக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில், வீட்டைப் பார்க்க வந்தவர்களின் பட்டியலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள். இல்லையென்றால் பிறகு வருகிற எவரையும் "நான் கூட்டி வந்த ஆள்" என்பார்கள். வாங்குபவர் பின்வாங்கினால் என்ன, கமிஷன் எப்போது கொடுப்பது என்பவையும் எழுத்தில் இருக்கட்டும். விற்பனை முழுதாக முடியும் நாளில்தான் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஓடிபி கொடுத்த அன்றே கேட்டால் ஒப்ப வேண்டாம்.

உங்கள் முகவர் வாங்குபவரிடமும் "ஒரு பெர்சன்ட்" கேட்டால் அது சட்டப்படி தவறு. ஒரே விற்பனையில் ஒரு முகவர் இரு தரப்புக்கும் வேலை செய்ய முடியாது. பெரியப்பா மகன் உங்கள் முகவருக்கு ஒரு காசும் கொடுக்கத் தேவையில்லை.

தகராறு வந்தால் சிஇஏயின் சமரசத் திட்டம் இருக்கிறது. கமிஷன் தொகை 20,000 வெள்ளிக்குள் என்பதால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். அங்கே வழக்கறிஞரை அழைத்துப் போக முடியாது. வழக்கறிஞர்களான எங்களுக்கு நஷ்டம், உங்களுக்கு மிச்சம். வாய்ப்பேச்சு அங்கே அதிகம் உதவாது. முகவர் ஒன்றரைக்கு ஒப்புக்கொண்டார் என்றால் அந்த எண் படிவத்தில் இருக்க வேண்டும்.

முகவரின் பெயரைச் சிஇஏயின் பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். பதிவெண் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும். அவர் முடித்துக்கொடுத்த விற்பனைகளும் அங்கே தெரியும். ஈசூனில் ஒரு வீடுகூட விற்காதவர் 2 விழுக்காடு கேட்டால், அதையே காட்டிப் பேசலாம். கமிஷனை அவருடைய கைப்பேசி எண்ணுக்கு பேநவ் (கைப்பேசிவழிப் பணப்பரிமாற்றம்) செய்யாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் பில் வாங்கி, நிறுவனக் கணக்குக்கே செலுத்துங்கள்.