இன்று நம் கையில் இருக்கும் கிரேக்க அவல நாடகங்களில் மிகப் பழையது எது?

கி.மு. 472-இல் அரங்கேறிய எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’. ஆனால் 1952 வரை பலரும் அவருடைய ‘அடைக்கலம் கேட்கும் பெண்கள்’ நாடகத்தைத்தான் சொல்லி வந்தார்கள். அதில் கிரேக்கப் புராணத்தில் வரும் தனாவுஸின் மகள்களாக வரும் பாடகர் குழுவைச் சுற்றித்தான் கதையே. பாட்டு அதிகம் என்றால் பழசு என்று அறிஞர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அப்புறம் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டை எட்கர் லோபெல் பதிப்பித்தார். கிழிந்துபோன சில வரிகள்தான்: இந்த நாடகம் இடம்பெற்ற போட்டியில் எஸ்கிலஸ் வென்றார், சோஃபக்ளிஸ் இரண்டாமிடம். சோஃபக்ளிஸ் போட்டிக்கு வரத் தொடங்கியதே 470 வாக்கில்! ஆக, நாடகம் 460-களுக்கு நகர்ந்துவிட்டது. முன்பே எழுதி வைத்திருந்து பிறகு அரங்கேற்றியிருப்பார் என்று சிலர் வாதாடினார்கள்; எனக்கு அது ஒப்பவில்லை.