ஆண் கினிப்பன்றிகளுக்குள் கடி, முதுகில் ரத்தக் காயம்: பிரிக்கலாமா?

ரத்தம் வந்துவிட்டது என்றால் இன்றே பிரித்துவிடுங்கள். ஆனால் வேறு அறைக்கு மாற்ற வேண்டாம், நடுவில் கம்பி வலை வைத்து ஒன்றையொன்று பார்க்கும்படி விடுங்கள். காயத்தை மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனால் (உப்புக் கரைசல்) கழுவினால் போதும். டெட்டால் கூடாது, நக்கிவிடும்.

நான்கைந்து மாத ஆண்கள் என்றால், அந்த வயதில் யார் பெரியவன் என்ற சண்டைதான் பெரும்பாலும் காரணம். எதற்கும் முடியை விலக்கிப் பாருங்கள். பல் பதிந்த துளையாக இல்லாமல் செதிலும் பொருக்குமாக இருந்து, தொட்டாலே துடித்தால் அது சொறி உண்ணியாக இருக்கலாம், அப்போது இரண்டுக்குமே வைத்தியம் வேண்டும்.

கடித்த துளை மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும், அதனால் தினமும் தடவிப் பாருங்கள். அப்புறம், வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், குடல் கெட்டு உயிரே போய்விடும். புல்லைத் தொடவில்லை என்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.